முப்பத்தாறாவது படம்

மத்தியானம் மூணு மணி... சிரிக்காதீங்கப்பா, மத்தியானப் பேய்க்கு என்ன குறைச்சல்? குடோன் சுவர் ஓரமா நீளமா ஒரு ரோடு. ஈ காக்கா கிடையாது. என் கூட வேலை பாக்குறவனோட மச்சான், தோள்ல பையை மாட்டிக்கிட்டு தனியா நடந்து போறான். பைக்குள்ள, செத்துப்போன அவங்கப்பாவோட ஃபிலிம் கேமரா.

அன்னைக்கு அவனுக்குக் கடுப்புன்னா அப்படி ஒரு கடுப்பு. செல்போன்ல போட்டோ எடுக்காத காலம். அப்பா போய் ஒரு மாசம் ஆச்சு, சுவத்துல மாட்ட ஒரு படம் இல்ல! வீட்ல ஏழு ஆல்பம். அம்மா இருக்காங்க, அக்கா இருக்கா, பக்கத்து வீட்டு நாய் கூட இருக்கு. அப்பா மட்டும் இல்ல. எடுத்ததே அவர்தானே! கேமராவை ஒருத்தர் கையில குடுக்க மாட்டார். "உங்களுக்கெல்லாம் எடுக்கத் தெரியாது"ன்னுடுவார்.

அம்மா அழறதை விட்டுட்டு கோவப்பட ஆரம்பிச்சுட்டாங்க. "அவர் மூஞ்சி எனக்கே மறந்துக்கிட்டே வருதுடா... மொட்டை மாடியில கேமராவைப் பிடுங்கி கடைசியா ஒண்ணே ஒண்ணு நான் எடுத்தேன். அது இந்த ரோல்லதான் இருக்கு. ஸ்டுடியோவுல குடுத்துக் கழுவிட்டு வா."

கேமராவுல நம்பர் முப்பத்தஞ்சு. இன்னும் ஒரு படம் பாக்கி.

பாதி ரோடு போயிருப்பான்... பின்னாடி, ம்க்கும்... ம்க்கும். பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி அவங்கப்பா இப்படித்தான் ரெண்டு தடவை செருமுவார். அவர் போடுற ஷேவிங் சோப்பு வாசனை வேற. வெடுக்குன்னு திரும்பினான். யாரும் இல்ல.

பைக்குள்ள... க்ளிக்.

ஓடினான் பாருங்க, ஸ்டுடியோ வாசல்லதான் வந்து நின்னான். கேமராவை எடுத்தா, நம்பர் முப்பத்தாறு.

ஸ்டுடியோக்காரர் கழுவிப் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டார். "முப்பத்தஞ்சாவது ஒரே இருட்டு தம்பி. லென்ஸ் மூடியைக் கழட்டாமலே எடுத்திருக்காங்க. பாக்குற ஓட்டை தனியா இருக்குல்ல, மூடி இருக்கிறதே தெரியாது. கடைசிப் படம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

அந்தப் படத்தைத்தான் அம்மா கையில குடுத்தான். குடோன் ரோடு. இவன் முழி பிதுங்க திரும்பிப் பாக்குறான். அவன் காலடி வரைக்கும் ஒரு நிழல் நீண்டு கிடக்கு... ரெண்டு முழங்கையும் தூக்கி, கேமரா பிடிச்ச நிழல்.

அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் படத்தை வீசி எறிஞ்சாங்க. "செத்தும் மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிறாரே, இந்த மனுஷன்!"

அவன் குனிஞ்சு எடுத்தான். அப்பதான் கவனிச்சான்...

படத்துல அவன் தோள்ல பை தொங்குது. ஜிப்பு போட்டபடி. கேமரா அதுக்குள்ளதான் இருந்துச்சு.