சுவர்ப்பக்கம் புரட்டிய கொடி

சர்க்கரைவள்ளிக் கிழங்கை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. நல்ல கிழங்காக ஒன்றை எடுத்து ஈர மணலில் பாதி வெளியே தெரியும்படி படுக்க வைத்தால் போதும், கொஞ்ச நாளில் மேலெல்லாம் தளிர் விட்டுவிடும். தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் பிடுங்கித் தண்ணீரில் வைத்து, வேர் விட்ட பிறகு மேட்டுப் பாத்தியில் நட வேண்டும். பிடுங்கும்போது இன்னொரு கையால் தாய்க்கிழங்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது அசையவே கூடாது. இதெல்லாம் தெரிந்திருந்தால் உங்கள் ஆட்கள் நேற்று என் தோட்டத்தை அப்படி மிதித்துத் துவைத்திருக்க மாட்டார்கள். பரவாயில்லை, அவர்கள் வேலை அவர்களுக்கு.

எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் நிதானமாகவே சொல்கிறேன். என் மகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் கொடியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அந்தக் கொடியை முதலில் நட்டவர் அவளுடைய அப்பா. லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு கிழங்கைக் கொண்டுவந்து, தளிர் எடுத்து, பின்பக்கத் தோட்டத்தில் நட்டார். மகள் அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கிழங்கு தோண்டும் பருவம் வருவதற்குள் அவர் வேறொருத்தியோடு போய்விட்டார். அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கிழங்கை நானே தோண்டினேன். நன்றாக விளைந்திருந்தது. மனுஷன் செய்ததற்குக் கிழங்கு என்ன செய்யும்? அதிலிருந்து தளிர் எடுத்து நட்டேன், அது தந்த கிழங்கிலிருந்து மறுபடி தளிர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது அற்றுப்போக விட்டதில்லை. மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். சட்டை ஃபேக்டரியில் வேலை, வீட்டில் வேலை, அவள் படிப்பு, அவள் காய்ச்சல், எல்லாம் நான் ஒருத்தி. அவள் பெரிய பெண்ணாகி, கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரே ஒரு தடவை கேட்டேன், அப்பாவைத் தேட வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று. "போம்மா. எனக்கு நீ மட்டும் போதும்," என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

ஃபேக்டரியில் நான் தைப்பதில்லை. தைத்து வருவதைச் சரிபார்ப்பேன். ஒரு காலரைப் பார்த்தால் போதும், எந்தப் பெண் தைத்தது, அன்று அவள் யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள் என்பதுவரை சொல்லிவிடுவேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு குணம் உண்டு, அது மாறவே மாறாது. "இந்தம்மா கண்ணுல மட்டும் மண்ணைத் தூவ முடியாதுப்பா," என்பார் எங்கள் சூப்பர்வைசர். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது கொடி புரட்டுவதைச் சொல்கிறேன், இது முக்கியம். சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்த இடத்திலெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விடும். விட்டுவிட்டால் கண்ட இடத்தில் சுண்டுவிரல் அளவு கிழங்கு வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் நல்ல கிழங்கு பருக்காமல் போய்விடும். அதனால் அவ்வப்போது கொடியைத் தூக்கி, வேரை விடுவித்துப் புரட்டிப் போட வேண்டும். அவளுடைய அப்பா புரட்டினால் நுனிகளை எல்லாம் சுவரைப் பார்த்துப் போடுவார், வாரிய தலைமுடி மாதிரி ஒரே சீராக. அவர் போன பிறகு நான் எதிர்ப்பக்கம், நடக்கிற வழிப்பக்கம் பார்த்துப் போட ஆரம்பித்தேன். எல்லாம் வீம்புதான். அந்த வீட்டில் சுவர்ப்பக்கம் புரட்டிய கொடியை என் மகள் பார்த்ததே கிடையாது.

இந்தத் தடவை நட்ட கொடி நன்றாகப் படர்ந்த சமயம், ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், எல்லா நுனியும் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. வாரிய தலைமுடி மாதிரி.

"கொடியை யாரு புரட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா. நீதான் தோள்பட்டை வலிக்குதுன்னு புலம்பிட்டு இருந்தியே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏம்மா, இது என்ன ராக்கெட்டா? உன்னைப் பார்த்துப் பார்த்தே வந்துடுச்சு," என்று சிரித்தாள்.

என்னைப் பார்த்து அது வந்திருக்க முடியாது. கைகளைப் பார்த்து ஆளைச் சொல்கிறவளிடம் வந்து காதில் பூச்சுற்றுகிறாள். அவர் இங்கே வந்திருக்கிறார், நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் என் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்து, என் தோட்டத்தில் இறக்கிவிட்டிருக்கிறாள். ஆனாலும் அன்று அவளுக்குப் பிடித்த மாதிரி கிழங்கை அவித்துத் தோலுரித்துத் தட்டில் வைத்தேன். அவளும் எதுவும் நடக்காத மாதிரி சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவள் கடைக்கு எதிரே போய் நின்றேன். அவள் வீட்டுப் பக்கம் வரும் பஸ்ஸில் ஏறவில்லை. வேறு பக்கம் நடந்தாள், நான் பின்னால் போனேன். மெக்கானிக் கடைகளைத் தாண்டி ஒரு குறுகலான தெரு. அங்கே தரைத்தளத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பழைய பெயின்ட் வாளி, வாளி நிறைய என் கொடி. இலையில் ஊதா நரம்பு ஓடும், வேறு யாரிடமும் அந்த ரகம் கிடையாது, அதற்குக் கால் முளைத்து நடந்து போகவும் தெரியாது. என் மகள் வாளி முன்னால் குனிந்து தளிர் பிடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "மெதுவா, மெதுவா. தாய்க்கிழங்கு அசையக் கூடாது."

"தெரியும்ப்பா. எத்தனை தடவை சொல்லுவீங்க?" என்றாள்.

அப்பா என்று அவ்வளவு சுலபமாக வந்தது அவள் வாயில். நேற்று இன்று பழகிய வார்த்தை இல்லை அது. விட்டுவிட்டுப் போனவரை நான் எப்போதோ தலைமுழுகிவிட்டேன் சார், அவர் செய்தது எனக்குப் பழகிவிட்டது. கூடவே இருந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, என் முதுகில் குத்தியவள் இவள்.

கிணற்றுக்கு வருகிறேன். சுவருக்கும் பாத்திக்கும் நடுவில் பழைய உறைக்கிணறு ஒன்று இருக்கிறது, தரை மட்டத்தில், ஒரு ஆள் இறங்கும் அகலம்தான், ஆழம் அதிகம். அடியில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர். மேலே பலகை போட்டிருந்தோம், அது உளுத்துப்போய்விட்டது. சிமெண்ட் மூடி ஒன்று வேண்டும் என்று கொத்தனாரிடம் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தா வருகிறேன், அந்தா வருகிறேன் என்று இழுத்தடித்துவிட்டு, சரியாக அந்தச் சமயத்தில் கொண்டுவந்து இறக்கினார். மகள் வேலைக்குப் போயிருந்தாள்.

"என்னக்கா, கிழங்கு வளக்கிறீங்களா, காடு வளக்கிறீங்களா? கொடியை ஒதுக்குங்க, மூடியைப் போட்டுட்டுப் போயிடறேன்."

"இப்பப் போட்டா கொடி நசுங்கிடும்ப்பா. கிழங்கு எடுத்த பிறகு பாத்துக்கலாம். முன்னாடி டிரம்முக்குப் பின்னால வச்சிடு."

"பார்த்துக்கா, ஆளு கீழு விழுந்துடப் போறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். நேற்று உங்களிடம் இதைத்தான் சொன்னாராம், தப்பாக எதுவும் சொல்லவில்லை.

மூடியின்மேல் ஒரு சாக்கைப் போட்டேன். கிணற்றின்மேல் இருந்த பலகைகளை எடுத்துவிட்டேன், உளுத்த பலகை இருந்தென்ன, இல்லாமலென்ன. ஆனால் நான் கொடியை இழுத்துக் கிணற்றை மூடவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நுனிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டது நான் இல்லை. அவை தானாகவே போய்ப் படர்ந்து மூடின. நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மகளிடம் மட்டும், கொத்தனார் மூடி போட்டுவிட்டார் என்று சொன்னேன்.

"அப்பாடா. இனிமே பயமில்லாம நடக்கலாம்," என்றாள்.

அவள் காதுக்குப் போனது அவர் காதுக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். கொடியைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட வேண்டுமானால் அந்தப் பக்கம் போய்த்தான் நிற்க வேண்டும். அவள் வழியில் நின்று பேசிக்கொண்டிருப்பாள், மண்ணில் கால் வைக்கக் கூச்சப்படுகிறவள். அவர்தான் போவார். என் கணக்கு அதுதான், அவள் என் கணக்கிலேயே இல்லை.

அன்றைக்கு அவளுக்குக் கடை லீவு, எனக்கு ஃபேக்டரியில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் மக்கர் செய்ததால் மத்தியானத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். கேட்டைத் திறக்கும்போதே பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். கொடி பாதி புரண்டிருந்தது, ஒரே சீராக. வழியில் என் மகளின் செருப்பு மட்டும் கிடந்தது. கிணற்றின்மேல் இலைகள் உள்வாங்கியிருந்தன. விலக்கிப் பார்த்தேன். கீழே அவள் முகம் தெரிந்தது.

"அம்மா, நீயா? நல்லவேளை வந்தே. காலு உடைஞ்சிடுச்சு போல இருக்கும்மா. யாரையாவது கூப்பிடு."

"அவர் எங்கே?" என்று கேட்டேன்.

"யாரும்மா?"

"உங்கப்பா எங்கே? இங்கதானே வந்தாரு?"

அழுதுகொண்டே சொன்னாள். "அவர் எப்படிம்மா வருவார்? அவருக்கு ஒரு பக்கம் கை கால் வராதும்மா. படுக்கையிலேயேதான் கிடக்கிறார். அந்தம்மாவும் எப்பவோ விட்டுட்டுப் போயிட்டாங்க. நான்தான் கொடியைப் புரட்டினேன், அவர் படுத்துக்கிட்டே அவர் வீட்டு ஜன்னல்லேர்ந்து சொல்லிக் கொடுத்தார். இந்தத் தடவை நல்லா விளைஞ்சா நீ சந்தோஷப்படுவே, அப்போ உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேம்மா."

என் கண் தப்பு செய்தது அந்த ஒரு தடவைதான். அவள் சொன்னது உண்மைதான் என்று தெரிந்தபோது மனசு இளகியிருக்க வேண்டும், இல்லையா? எனக்கு அப்படி ஆகவில்லை. அவர் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து நிற்க முடியாத மனுஷன், படுத்த இடத்திலிருந்தே என் பிள்ளையை எடுத்துக்கொண்டுவிட்டார். அவருடைய கையைத் தன் கையாக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள்.

ஆனாலும் கயிறு எடுக்கத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். துணி காயும் கயிற்றை அவிழ்த்தேன், அவளுடைய சுடிதார்கூட அதில் காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பும்போது அவள் கத்துவது கேட்டது. வலி தாங்கவில்லை போலிருக்கிறது. "அப்பா, அப்பா" என்று கத்தினாள். பத்தடி தூரத்தில் கையில் கயிற்றோடு பெற்றவள் நிற்கிறேன், எழுந்து வர முடியாதவரைக் கூப்பிடுகிறாள்.

கயிற்றை மறுபடி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். கீழே விழுந்த துணிகளை உதறிப் போட்டேன். பிறகு முன்பக்கம் போய் சிமெண்ட் மூடியை எடுத்தேன். ரொம்ப கனம். கேஸ் சிலிண்டரை உருட்டுவது மாதிரி, விளிம்பில் நிறுத்தி உருட்டிக்கொண்டே வந்தேன். கிணறு திறந்து கிடந்தால் ஆபத்து என்று கொத்தனாரே சொல்லியிருந்தார்.

காணவில்லை என்று புகார் கொடுத்தது அவர்தானாம். படுத்துக்கொண்டே கொடுத்தாரா? அவ்வளவு அக்கறை அன்றைக்கு இருந்திருந்தால் நமக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது.

மூடி கொடிக்கு அடியில்தான் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதன்மேல் ஏறி நின்றே தேடினார்கள். போய் எடுக்கும்போது கொடியை அறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், வழிப்பக்கம் புரட்டினாலே போதும். அடிக்கிழங்கு பருத்துக்கொண்டிருக்கும் நேரம் இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மூடியைப் போட்டுவிட்டுக் கொடியை எடுத்து அதன்மேல் விட்டுக்கொண்டிருந்தபோது, அடியிலிருந்து "அம்மா" என்று கேட்ட மாதிரி இருந்தது. ஒரு தடவை இல்லை, வெகுநேரம் கேட்ட மாதிரி இருந்தது. சிமெண்ட் மூடி சார், எதுவும் தெளிவாகக் கேட்காது. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெளிவாகக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே திறந்திருப்பேன், நான் பெற்றவள் இல்லையா?