நாற்பத்தொன்றாம் குழாய்

ஆய்வகத்துக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் வரக்கூடாது. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே ஓர் இழை விழுந்தால் போதும், துளி இரத்தத்தில் புற்றுநோயின் தடம் தேடவேண்டிய எந்திரம் செம்மறியாட்டின் புரதத்தை எடைபோட்டுக் காட்டும். தலை சொறிகிறவர்கள், நகம் கடிக்கிறவர்கள், சூரியகாந்தி விதையைக் கொறித்துவிட்டுக் கையை வெள்ளைக் கோட்டில் துடைக்கிறவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. மனிதர்களிடமிருந்து என்னென்ன உதிர்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் சோறு இறங்காது. விசாரணைக்காக நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். சுத்தமாகவே எழுதித் தருகிறேன்.

ஸம்பிரா சொரோக்காவிலிருந்து வந்தவள். எல்லையான ப்ரூட் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர், அங்கே மருத்துவமனையில் இரத்தம் சோதிக்கிற வேலை. வயது நாற்பத்து நான்கு. இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் மூன்று மாதப் பயிற்சிக்காக யாஷ் நகரத்தில் என்னிடம் அனுப்பினார்கள். நல்ல கைகள், நடுங்காதவை. ஆனால் மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் வேகவைத்த பீன்ஸும் பச்சைப் பூண்டுமாக அறையே நாறும். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

“என்ன டாக்டரம்மா, மூக்கைப் பொத்துறீங்க? தவக்காலம் நடக்குது. கறி கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது. பூண்டாவது தின்னுட்டுப் போறேனே” என்பாள்.

கருப்பைப் பக்கத்துச் சினைப்பையில் வரும் புற்றுநோயை ஒரு துளி இரத்தத்தில் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. வயிற்றுக்குள் மறைந்திருந்து கடைசியில் தலைகாட்டுகிற நோய் அது. எங்கள் மருத்துவமனையிலிருந்து அறுபது நோயாளிகளின் இரத்தம் வந்தது. நோயில்லாத அறுபது பெண்கள் வேண்டுமே என்றபோது, ஸம்பிரா தன் ஊர்ப் பாதிரியார் சாவாவைப் பிடித்தாள். அவர் பூசை முடிந்ததும் ஒரு வார்த்தை சொன்னார். இரண்டே நாளில் அறுபது பேர் கோயில் கூடத்தில் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வரிசையைப் பார்வையிட்ட பாதிரியாரின் தாடி குழாய்களின் மேல் உரசியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

முடிவு அழகாக வந்தது. ஒரு புரதம் நோயாளிகள் எல்லாரிடமும் உயர்ந்திருந்தது, நோயில்லாதவர்களிடம் தாழ்ந்திருந்தது. இருபது வருடத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நோயில்லாதவர்களில் நாற்பத்தொன்றாம் குழாய் மட்டும் அடங்கவில்லை. அதில் புரதம் உயரத்தில் நின்றது.

“அது லூபாவோடது. பக்கத்துத் தெருதான், நான் கூப்பிட்டேன்னு வந்தவ. பாவம், அவளுக்கு ஏதாவது இருக்குமா?” என்று கேட்டாள் ஸம்பிரா.

லூபாவை வரவழைத்து ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுமில்லை. நிம்மதியில் ஸம்பிரா சிரித்தாள். “அவளுக்கு என்ன கேடு! பாப்டிஸ்ட் சபைக்காரி, நோன்பே கிடையாது. நாங்க பீன்ஸைத் தின்னு சாகிறோம், அவ எதிரே உட்கார்ந்து பாலாடைக்கட்டியை வெட்டுவெட்டுனு வெட்டுறா.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். நோயாளிகளுக்கு நோன்பு இல்லை. பாதிரியாரே விலக்குக் கொடுப்பார். அவர்கள் கோழி ரசமும் முட்டையும் சாப்பிட்டார்கள். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் ஐந்து வாரமாக அவற்றில் எதையும் தொடவில்லை. நாங்கள் கண்டுபிடித்தது புற்றுநோயை அல்ல, முட்டையை.

சந்தேகத்தோடு விடுகிறவள் இல்லை நான். அன்றே என் இரத்தத்தை எடுத்து வைத்தேன். ஐந்து வாரம் கறி, பால், முட்டை இல்லாமல் இருந்து மறுபடியும் எடுத்தேன். புரதம் பாதியாக இறங்கியிருந்தது. ஓர் ஆய்வாளர் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நாற்பத்தொன்றாம் குழாயை ‘இரத்தம் உறைந்துவிட்டது’ என்று எழுதி நீக்கினேன். கட்டுரை வெளிவந்தது. வேறு பெண்களிடமும் சோதித்துக் காட்டுங்கள் என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள், நியாயம்தான். ஆகஸ்ட்டில் மாதா நோன்பின்போது ஒரு முறையும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பின்போது ஒரு முறையும் காட்டினேன். தேதிகளை நான்தான் குறித்தேன். கோயிலுக்குக் கூட்டம் வரும் நாட்களில் ஆள் சேர்ப்பது சுலபம் என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை.

அடுத்த வருடம் சோதனை சொரோக்காவுக்குப் போனது. அதை அங்கே செய்தது ஸம்பிரா. மார்ச்சில் அவள் போன் செய்தாள்.

“டாக்டரம்மா, ரெண்டு மாசமா வயிறு உப்பிக்கிட்டே வருது. பாவாடை நாடா எட்டல. எனக்கு நானே குத்தி நம்ம சோதனையைப் பண்ணிப் பார்த்தேன். சுத்தம்னு வருது. ஆனாலும் மனசு அடிச்சுக்குது. கிஷினாவ் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துரட்டுமா?”

“நோன்பு இருக்கியா?”

“முதல் நாள்லேர்ந்து. ஒரு சொட்டுப் பால் தொடல.”

நான் கொஞ்சம் யோசித்தேன். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் சோதனை பொய்யாகும். லூபாவின் குழாய் எங்கே போனது என்று கேட்கத் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

“பீன்ஸ் தின்னா வயிறு உப்பாம என்ன செய்யும்? நம்ம சோதனையை நாமே நம்பாட்டி ஊர்க்காரங்க எப்படி நம்புவாங்க?” என்றேன்.

“அதுவும் சரிதான். உங்க வாயால கேட்டா போதும் எனக்கு” என்றாள். குரலில் அப்படி ஒரு ஆறுதல்.

ஜூனில் அவளை எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றிலிருந்து வாளிக்கணக்கில் நீர் எடுத்தார்கள். பார்க்கப் போயிருந்தேன், அந்த வாடையில் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அப்போது அவளுக்குக் கோழி ரசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தேன், புரதம் உச்சத்தில் இருந்தது. மிகத் தெளிவான முடிவு. அவளை நூற்றுப் பன்னிரண்டாம் நோயாளியாகச் சேர்த்து, சோதனை சரியாகக் கண்டுபிடித்த பட்டியலில் வைத்தேன். மார்ச்சில் அவள் தனக்கே செய்துகொண்ட சோதனையைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டேன். ஆகஸ்ட்டில் இறந்துபோனாள். அவளை நான்தான் சாகவிட்டேன். இந்த வாக்கியத்துக்காகத்தானே இத்தனை பக்கம் கேட்டீர்கள், எழுதியாகிவிட்டது.

ஆனாலும் அந்தச் சோதனையை நான் மனதார நம்பினேன். என்றைக்காவது அது சரியாகிவிடும் என்று நம்பித்தான் அவளிடம் அப்படிச் சொன்னேன். இதில் எனக்கு உறுத்தல் இல்லை.

மார்ச்சில் ஸம்பிரா போன் செய்த அதே வாரத்தில் பக்கா நகரத்திலிருந்து என் தங்கை கோர்னேலியா பேசியதையும், அவளும் வயிறு உப்புகிறது, நோன்பில் இருக்கிறேன் என்று சொன்னதையும், சோதனையெல்லாம் வேண்டாம், விடிந்ததும் முதல் ஆளாகப் போய் ஸ்கேன் எடு என்று நான் அவளிடம் கத்தியதையும் என் தொலைபேசிப் பதிவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதை ஏன் இதில் சேர்த்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அது குடும்ப விஷயம்.