பிரிக்காத பாக்கெட்டுகள்

அந்தச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை சார். பாக்கெட்டில் போட்டு ஒட்டிய பிறகுதான் கொதிநீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்கிறார்களாம். ஃபிரிட்ஜ்கூட வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது. சாதம், பருப்பு, பட்டாணி என்று பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அண்ணனைப் பட்டினி போட்டுவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்களாம். கட்டிலை ஒட்டி மேசை நிறைய அடுக்கிவிட்டுத்தானே போனேன்.

அண்ணன் லாரி ஓட்டியவர். வாதம் வந்து படுத்த பிறகு இடது கை விழுந்துவிட்டது. வலது கையிலும் பிடிமானம் இல்லை. ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், பசி தாங்காமல் ஒரு பாக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் வழுக்கியது, பல்லும் வழுக்கியது.

"லாரி டயரையே தனியா கழட்டினவன் நான். இது என்கிட்டயே வாலாட்டுது பாரு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். கத்தரிக்கோலை விரலில் மாட்டிவிட்டால் எப்படியோ வெட்டிவிடுவார். அதனால் அதை அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன்.

அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். தோழி வீட்டில் சில நாள் தங்கிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். சர்க்கரை மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, கிண்ணத்தில் போட்டுவைத்தேன். அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். மாத்திரை தவறக்கூடாது என்பது மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும்.

"கத்தரிக்கோல் எங்க பாப்பா?"

"அங்கதாண்ணா இருக்கு, பாக்கெட்டுக்குப் பின்னால."

"சரி, நிம்மதியா போய்ட்டு வா. உடம்பப் பாத்துக்க."

கத்தரிக்கோல் என் கைப்பையில் இருந்தது. மறதியாக எடுத்துப் போய்விட்டேன் என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். மறதி இல்லை. அவர் போய்ச் சேரட்டும் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன், உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மறுநாள் சாவதற்கு முன்னால் அவர் எனக்குப் போன் செய்ததை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வாதத்தில் பேச்சு குழறும், என்ன சொன்னார் என்று விளங்கவில்லை என்றேன். மற்றவர்களுக்குத்தான் விளங்காது.

"மாத்திரை போட்டுட்டேன் பாப்பா. பாக்கெட்டுதான் கிழிய மாட்டேங்குது. கண்ண இருட்டிக்கிட்டு வருது. மாடி வீட்டுல யாரையாவது வரச் சொல்றியா?"

"சரிண்ணா, சொல்றேன்" என்று போனை வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பிறகு படுத்துத் தூங்கிவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம். அதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள் சார், வெட்கமாக இருக்கிறது.