மூச்சில் தெரியும் எண்

பழைய ரேடியோவுக்குள் சின்ன பல்பு போல எரியும் வால்வின் கண்ணாடியை ஒருபோதும் துடைக்கக் கூடாது. தூசியை வாயால் ஊதிவிடலாம், அவ்வளவுதான். மேலே இருக்கும் எண் வெறும் சாயம். விரலை அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். எண் போனபின் அது எந்த வால்வு என்று சொல்ல விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆள் அலேய்டா.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும், டாக்டர். அலேய்டாவுக்கு மறதி எப்போது ஆரம்பித்தது, முதலில் கவனித்தது யார் என்று கேட்டீர்கள். ஸ்கேனில் எதுவும் இல்லை, ரத்தத்திலும் இல்லை. ஆனாலும் அவர் தனக்குப் புத்தி போய்விட்டது என்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அவரை முதியோர் இல்லத்தின் பூட்டிய பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், வீடும் விற்பனைக்குப் போகும். மகன் கனடாவில் இருப்பதால் என்னைக் கூப்பிட்டீர்கள். முதலில் கவனித்தது நான்தான். அதனால்தான் வால்விலிருந்து தொடங்குகிறேன்.

க்ரோனிங்கனுக்கு வடக்கே, மூடிப்போன வெண்ணெய்த் தொழிற்சாலையில் எங்கள் ரேடியோ அருங்காட்சியகம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் திறப்போம். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தி, அறுபது வயதில் வேலையை விட்டுவிட்டு வந்தவர் அலேய்டா. நான் ரென்ஸ்கே, மின்னணுப் பொறியாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பால் லாரி ஓட்டிய ஹார்ம் பெட்டிகளுக்கு மெருகு போடுவார், காபி போடுவார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடுவதும் அவர்தான்.

அழிந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணாடியை வாயருகே வைத்து மூச்சு விட வேண்டும். கண்ணாடி முழுக்க ஆவி படியும், சாயம் இருந்த இடத்தில் மட்டும் படியாது. எண் ஒரு கணம் தெரியும், உடனே மறையும். அலேய்டா இதைத் தனக்கொரு பரீட்சையாக வைத்திருந்தார். அவருடைய அம்மா இதே வயதில் பெற்ற மகளையே யார் என்று கேட்டவர். அந்தப் பயம் இவருக்குள் இருந்தது. காபிக்கு முன்னால் எண் அழிந்த வால்வுகள் கிடக்கும் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார். உள்ளே இருக்கும் தகடுகளைப் பார்த்து இன்ன வால்வு என்று சொல்லிவிட்டு, பிறகு மூச்சு விட்டுப் பார்ப்பார்.

"நானும் இதுவும் ஒரே நம்பரச் சொல்ற வரைக்கும் நான் நானா இருக்கேன்" என்பார்.

"பாஸா டீச்சர்? ஃபெயில்னா பிஸ்கட் கிடையாது" என்று ஹார்ம் சீண்டுவார்.

"ஒரு பரீட்சையும் எழுதாமயே நீ டப்பாவக் காலி பண்றியேடா."

சுவரில் அவர் கையால் எழுதி ஒட்டிய விதி ஒன்று இருந்தது: கண்ணை நம்பாதே, கண்ணாடியை நம்பு. உருவத்தைப் பார்த்து உத்தேசமாக வால்வைச் செருகி ஹார்ம் ஒரு ரேடியோவை எரித்ததிலிருந்து அந்த விதி.

இனி என் விஷயம். அலேய்டா பாடம் நடத்திய, நான் படித்த கட்டடத்தில் என் அப்பா தரை துடைத்தார். ஒருநாள் வகுப்புத் தோழிகளோடு நடைவழியில் வந்தபோது அப்பா எதிரே நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவரைத் தாண்டி நடந்தேன். வாளித் தண்ணீரை மிதிக்காமல் ஒதுங்கிக்கூடப் போனேன். எதிர் அறை வாசலில் அலேய்டா நின்றிருந்தார்.

அதை அவர் ஒருபோதும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். ஆனால் நன்கொடை தருபவர்கள் வந்த நாளில் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இந்தப் பொண்ணோட அப்பா எங்க லேப்ல தரை துடைச்சவரு. தங்கமான மனுஷன். தினமும் நின்னு பேசிட்டுத்தான் போவேன். இவ இன்னைக்கு இன்ஜினியர்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒரு அம்மாள் கைகூடத் தட்டினார். அலேய்டா என்னைப் பாராட்டினார் என்று எனக்குத் தெரியும். நின்று பேசியது யார், பேசாமல் போனது யார் என்பதும் எனக்கும் அவருக்கும் தெரியும்.

அருங்காட்சியகச் சாவி என்னிடம்தான் இருக்கும். அந்த நாளுக்குப் பிறகு, யாரும் இல்லாத வெள்ளிக்கிழமை மதியங்களில் போவேன். பெட்டியிலிருந்து ஒரு வால்வை எடுத்து, பழைய தடம் போகும்வரை ஸ்பிரிட்டால் துடைப்பேன். மெல்லிய தூரிகையால் வேறொரு எண்ணை எழுதிக் காயவைத்து, லேசாகத் தேய்த்து அழிப்பேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மூச்சு பட்டால் நான் எழுதியது வரும். இதற்குப் பொறியியல் தேவைப்படவில்லை. கேக்கின் மேல் பெயர் எழுத அம்மா பழக்கிய கை போதுமானதாக இருந்தது.

முதலில் ஒன்றுக்கொன்று சாயல் உள்ள வால்வுகளில்தான் செய்தேன். அவர் இ.எஃப். 80 என்பார், கண்ணாடி 85 என்று காட்டும். சிரித்துக்கொள்வார். பிறகு சிரிக்காமல் இருந்தார். அதன்பின் காபிக்கு முன்னால் எடுக்காமல், ஹார்ம் அந்தப் பக்கம் போனபிறகு எடுத்தார். "ரென்ஸ்கே, கொஞ்சம் நீ ஊதிப் பாரேன்" என்று என்னிடம் கொடுக்க ஆரம்பித்தார். நான் ஊதி, கண்ணாடியில் இருந்ததைத்தான் படித்தேன். அந்த மட்டில் பொய் சொல்லவில்லை.

வசந்தகாலக் கண்காட்சியில் ஒரு கிழவருக்குக் கல்யாணப் பரிசாக வந்த ரேடியோவை எல்லார் முன்னிலையிலும் பாட வைப்பதாக இருந்தது. ஒலிபெருக்கிக்கு முந்தைய கடைசி வால்வு செத்துப்போயிருந்தது. உச்சியில் இருக்க வேண்டிய வெள்ளிப் பூச்சு, காற்றுப் புகுந்து பால் போல வெளுத்துவிட்டது. அந்த இடத்துக்கு இ.எல். 84 வேண்டும். அலேய்டா கேட்டதும் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவிடும் வேறு வகை வால்வு. அதில் 84 என்று எழுதியிருந்தது நான்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது 84 மாதிரி இல்லியே பொண்ணு."

"ஊதிப் பாருங்க" என்றேன்.

ஊதினார். எண் வந்தது. சுவரில் இருந்த தன் விதியை ஒருமுறை பார்த்துவிட்டு, வால்வைச் செருகி விசையைத் திருகினார். சிறிது நேரத்தில் உள்ளே மெழுகு உருகிக் கருகும் வாடை வந்தது. அறை முழுக்கப் புகை. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "டீச்சருக்கு இன்னைக்கு பிஸ்கட் கட்" என்றார் ஹார்ம். யாரும் சிரிக்கவில்லை. ஹார்முக்கே அது உறுத்தியது போல, பிஸ்கட் டப்பாவை அலேய்டாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அலேய்டா காரை விற்றார். அடுப்பை மறந்துவிடுவோம் என்று சமைப்பதை நிறுத்தினார். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். தன்மேல் நம்பிக்கை போனவருக்கு மறதி தானாக வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தையைத் தேடுவார், கிடைத்த வார்த்தையையும் சந்தேகப்படுவார். உங்கள் மருத்துவமனைக்கு அவரை முதலில் அழைத்துவந்ததும் நான்தான். வண்டியில் என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

வெட்கமாக இருக்கிறது, டாக்டர். நல்ல வால்வுகளைப் பாழாக்கியதில் தொடங்கி எல்லாவற்றுக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர், "அந்தம்மா ஒருத்திதான் என் பேரக் கேட்டவ" என்றார்.

அதனால் போன ஞாயிறு இல்லத்துக்குப் போய் அலேய்டாவிடமே சொல்லிவிட்டேன். ஸ்பிரிட், தூரிகை, எழுதிய எண்கள், நடைவழியில் நின்ற அப்பா, ஒன்றுவிடாமல். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்லவ ரென்ஸ்கே. என் மனசு ஒடைஞ்சிரக் கூடாதுன்னு பழிய நீயே எடுத்துக்கப் பாக்கற. உங்கப்பா மாதிரியே."

நான் இல்லை என்றேன். நிரூபிக்க ஒரு வால்வும் கொண்டுபோயிருந்தேன். நான் தொடாதது, பழைய தடம் அப்படியே இருப்பது. அவர் முதலில் வாங்க மறுத்தார். நான் விடாததால் வாங்கி, ஜன்னலோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இ.எல். 84" என்றார். "தப்பா இருக்கும். நீயே ஊதிப் படிச்சுச் சொல்லு. நீ என்ன சொன்னாலும் அதுதான்."

ஊதினேன். 84 என்று தெளிவாக வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இ.எஃப். 80" என்றேன்.

"பாத்தியா" என்று தலையை ஆட்டிக்கொண்டார். வால்வைப் பருத்தித் துணியில் சுற்றி என்னிடமே திருப்பித் தந்தார்.

சரியான எண்ணைச் சொல்லியிருந்தால், நான் சொன்னதெல்லாம் உண்மை என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். இந்த நிலைமையில் அவருக்கு எதற்கு அந்த வேதனை.