பதினேழாம் எண் குழாய்

ஐந்தே நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டு, மணியைக் கையிலேயே பிடித்திருக்கும் தலைவர் அவர்களே! மேடைக்கு மெருகூட்டும் மருத்துவப் பெருமக்களே! ரத்தப் பரிசோதனை உண்டு என்று தெரிந்தும் வந்து அமர்ந்த துணிச்சல்மிக்க பெரியோர்களே! வீட்டிலுள்ள அனைவரின் மாத்திரையையும் நினைவில் வைத்து, தம் உடம்பை மட்டும் மறந்துவிடும் தாய்மார்களே! தலைதாழ்ந்த வணக்கம்.

நான் பேச்சாளர் அல்ல. இருபதாண்டுகளாகப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிப்பவள். அதோ, ஓர் அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிடுகிறார்! பயப்படாதீர்கள், இப்போது என் கையில் இருப்பது ஒலிவாங்கிதான்.

சர்க்கரை நோய் சத்தமிட்டு வருவதில்லை. கண்ணில், சிறுநீரகத்தில், காலில், மயிரிழையினும் மெல்லிய ரத்தக் குழாய்களை மெல்ல மெல்ல அரிக்கிறது. அந்த அரிப்பை ரத்தக் கொழுப்பு முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா? எங்கள் கூடத்தில் அதற்கோர் ஆய்வு தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டுமாம். "நான் இருக்க வேறு ஆள் எதற்கு?" என்று கையை நீட்டினேன். ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்று பதிவேடு காக்கும் சக ஊழியருக்குத்தான் தெரியும். அவரைப் பூட்டு அண்ணன் என்போம். அலமாரியும் திறக்காது, வாயும் திறக்காது.

குழாய்களை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தேன். மேலே தெளியும் நீர் இளமஞ்சளாக இருக்க வேண்டும். பதினேழாம் எண்ணில்? பால்! அப்பட்டமான பால்! கொழுப்பு மிகுந்தால் அப்படித்தான் வெளுக்கும்.

"பாருங்கண்ணே, யாரோ ஒரு மகராசன்! விடிய விடிய விருந்து தின்னுட்டு வெறும் வயிறுன்னு புளுகியிருக்கான். கொழுப்பைப் பாருங்க!"

அண்ணன் சிரிக்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகப் பூட்டு திறந்தது.

"தங்கச்சி... பதினேழு நீதாம்மா."

சிரியுங்கள், அவையோரே! நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: முந்தைய இரவிலிருந்து நான் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. ஊரார் ரத்தத்தை எல்லாம் உருப்பெருக்கியில் பார்த்தவள், என் ரத்தத்தை என்றாவது பார்த்தேனா? களைப்பை வேலை என்றேன். தாகத்தை வெயில் என்றேன். எழுத்து மங்கியபோது வயது என்றேன். சர்க்கரை கட்டுமீறினாலும் ரத்தத்தில் கொழுப்பு ஏறும்; அன்றே பார்த்தால், சர்க்கரை முந்நூறைத் தாண்டி நின்றது! விழித்திரையில் நுண்குழாய்கள் கசிவதைக் கண் மருத்துவர் காட்டினார். "ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா, உருப்பெருக்கியை வேற யாருக்காவது கொடுத்திருப்பீங்க" என்றார்.

வீட்டுக்காரர் சர்க்கரை டப்பாவைப் பரண்மேல் வைத்தார். ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்!

ஆய்வு இன்னும் முடியவில்லை. கொழுப்பை வைத்தே கண்ணின் கதியைச் சொல்லிவிடலாமா என்பதை இந்த மருத்துவர்கள் ஒருநாள் சொல்வார்கள். அதுவரை காத்திருக்குமா கண்? காத்திருக்குமா கால்? நான் காத்திருக்கவில்லை, சிகிச்சை பெற்றேன். பலித்ததா என்கிறீர்களா?

கடைசி வரிசையில், குனிந்து செருப்பைத் தேடும் நீலச் சட்டை ஐயா அவர்களே! இடது கால் செருப்பு நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. இங்கிருந்தே என் கண்ணுக்குத் தெரிகிறது! போட்டுக்கொண்டு நேரே வெளியே உள்ள பரிசோதனை மேசைக்குப் போங்கள்.

வாய் திறந்த பூட்டு அண்ணனுக்கும், மணியடிக்க மறந்த தலைவருக்கும் என் நன்றி. மற்றவர்களுக்கு வணக்கத்தை மேசையருகே சொல்கிறேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள்!