கல்லறையில் சொன்ன சேதி

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், வையம்பட்டியிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் சிலுவை தொங்கியது.

“அவன் கல்லறைக்குப் பூ வெச்சுட்டு வரேன்” என்றாள், வெள்ளைச் சேலை கட்டியிருந்த மூத்தவள்.

இளையவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “எங்க அண்ணனை அடிச்சுக் கொன்னவனுக்கா? சாட்சி இல்லைன்னு கோர்ட்டுல விட்டுட்டாங்க. பேரன் பேத்தி பாத்து, கட்டில்ல நிம்மதியா செத்தான். அவனுக்குப் பூவா அண்ணி?”

“பூ வெச்சு ஒரு சேதி சொன்னேன், பிரகாசி. ‘இதோட முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. நியாயத்தீர்ப்பு நாள்ல எக்காளம் ஊதறப்போ நீங்களும் குழியை விட்டு எந்திரிக்கணும். மூணு குழி தள்ளித்தான் எங்க வீட்டுக்காரரும் படுத்திருக்காரு. ஆண்டவர் முன்னாடி ரெண்டு பேரும் நிப்பீங்க. அங்க சாட்சி தேவையில்லை’ன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“மண்ணு லேசா அசைஞ்சுது.”

பிரகாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயமா இல்லையா அண்ணி?”

“இல்ல. இத்தனை வருஷமா அந்த வழக்கை நான்தான் சுமந்துக்கிட்டிருந்தேன். அங்கேயே எறக்கி வெச்சுட்டு வந்துட்டேன். இன்னிக்குத்தான் எனக்குப் பசிக்குது. காந்தி மார்க்கெட் பக்கம் போய் ரெண்டு இட்லி சாப்பிடலாமா?”