வேலை போனவருக்கு வந்த போன்

சான்டா கிளாரா மளிகைக் கடையில், பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி நின்றார்கள்.

"அன்எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டா, ஏங்க கட் பண்ணீங்க?"

"ஸ்காம்டி. அவ்வளவு தன்மையா பேசினா. கவர்ன்மென்ட்ல யாரு அப்படிப் பேசுவாங்க?"

"என்ன கேட்டாங்க?"

"ஏன் வேலை போச்சுன்னு. முதல்ல நீ யாருன்னு ப்ரூவ் பண்ணுன்னேன்."

"ஐயோ, வேலை போனவங்களுக்குக் கவர்ன்மென்ட் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி வைக்கிற இன்டர்வியூ அதுதாங்க! பணம் வரலன்னா வீட்டு லோன் எப்படிக் கட்டுறது?"

அந்நேரம் பார்த்து மறுபடியும் போன் அடித்தது. அந்த அம்மா அதைப் பிடுங்கி, ஆன் செய்து, கணவர் காதில் வைத்து அழுத்தினார். அவர் வேண்டாவெறுப்பாக ஆங்கிலத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?"

"பணம் வந்துடும்னா. அப்போ ஸ்காமேதான். வா, உடனே போய் பேங்க் அக்கவுண்ட்டை லாக் பண்ணணும்."